பச்சை ஒயரின் வரலாறு



சென்ற இதழ் வெளிவந்த சில நாட்களில் நம் வளாகத்தின் வாட்ஸப் குழுவில் ஒரு கேள்வி வந்தது, நினைவிருக்கும். ஒரு வீட்டில் பையனுக்கு கிட்டாரும் சிறிய ஆம்ப்ளிஃபையரும் வாங்கியிருக்கிறார்கள். அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்தால் 'ஊம்' என்று ஓயாத முனகல். என்ன செய்யலாம் என்று பையனின் அம்மா கேட்டிருந்தார். பத்து நிமிடத்தில் மூன்று பதில்கள் வந்தன. மூன்றும் சொன்னது ஒன்றுதான்: "பிளக்கில் இருக்கிற பெரிய பின்னைக் கழற்றிவிடுங்கள், சத்தம் நின்றுவிடும்."

அந்தப் பதிலில் பொய் இல்லை. கழற்றினால் பெரும்பாலும் சத்தம் நின்றுவிடும். 1987-ல் நானே அதைச் செய்து, சத்தம் நின்றதைக் காதால் கேட்டவன். அதன் பிறகு என் வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன். நான் இன்ஜினீயர் அல்ல. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். ஆனால் அந்த 1987 சம்பவத்துக்குப் பிறகு, எர்த் என்கிற அந்தப் பச்சை ஒயர் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று கிடைத்ததையெல்லாம் படித்துவந்திருக்கிறேன். அதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மண்ணும் ஒரு கம்பிதான்

எர்த்தின் கதை வீட்டு மின்சாரத்துக்கும் முந்தியது. 1750-களில் பெஞ்சமின் பிராங்க்ளின் இடிதாங்கியை உருவாக்கினார். கூரையின் மேல் ஒரு இரும்புக் கம்பி, அதன் மறுமுனை மண்ணுக்குள். மின்னலுக்கு ஒரு சுலபமான வழியைக் கொடுத்துவிட்டால் அது வீட்டைத் தொடாமல் மண்ணுக்குள் போய்விடும் என்பதுதான் அதன் தத்துவம்.

அடுத்த படி ஜெர்மனியில் நடந்தது. 1838-ல் ஸ்டைன்ஹைல் என்ற விஞ்ஞானி தந்தி அனுப்புவதற்கு இரண்டு கம்பிகள் தேவையில்லை என்று கண்டார். போவதற்கு ஒரு கம்பி போதும், திரும்பி வருவதற்கு மண்ணே போதும். இது தந்தி கம்பெனிகளுக்குப் பெரிய லாபம், கம்பிச் செலவில் பாதி மிச்சம். ஆனால் நமக்கு இதில் வேறொரு செய்தி இருக்கிறது. மின்சாரம் மண் வழியாகவும் நடக்கும். நீங்கள் மண்ணின் மேலோ, மண்ணோடு சேர்ந்த ஈரத் தரையின் மேலோ நின்றால், நீங்களும் அந்தச் சுற்றில் ஒரு துண்டுக் கம்பிதான்.

1882-ல் எடிசன் நியூயார்க்கில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் விற்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் மாறுதிசை மின்சாரமும் டிரான்ஸ்ஃபார்மரும் வந்தன. தெருவில் ஆயிரக்கணக்கான வோல்ட், வீட்டில் அதில் ஒரு சிறு பங்கு. இரண்டுக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஒரு மெல்லிய காப்பு மட்டும்தான். அந்தக் காப்பு பழுதாகிவிட்டால் தெருவின் வோல்ட் அப்படியே வீட்டு ஒயருக்குள் வந்துவிடும். அதைத் தடுக்க, வீட்டுக்கு வரும் இரண்டு ஒயர்களில் ஒன்றை டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலேயே மண்ணோடு இணைத்துவிடலாம் என்றார்கள் சிலர். அதுவே ஆபத்து என்றார்கள் வேறு சிலர். அமெரிக்காவில் இந்த வாதம் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்து, 1913-ல் அந்நாட்டு மின்சார விதித்தொகுப்பு 150 வோல்ட் வரையிலான இணைப்புகளுக்கு மண் தொடர்பைக் கட்டாயமாக்கியதோடு முடிவுக்கு வந்தது.

மண்ணோடு இணைத்த அந்த ஒயரைத்தான் இன்று நியூட்ரல் என்கிறோம். இதனால் தெருவின் ஆபத்து குறைந்தது. ஆனால் வேறொன்று புதிதாக வந்தது. மின்சாரத்தின் ஒரு முனை எப்போதும் மண்ணில் இருப்பதால், மற்ற முனையாகிய ஃபேஸை நாம் தொட்டாலே போதும், சுற்று முழுமையாகிவிடும். இன்னொரு ஒயரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. அந்த ஆபத்துக்குப் பதிலாக வந்ததுதான் மூன்றாவது ஒயர்.

மூன்றாவது பின்

அந்த ஒயரின் வேலை மிகச் சாதாரணமானது. இஸ்திரிப் பெட்டி, ஃபிரிட்ஜ், ஆம்ப்ளிஃபையர் என்று உலோக உடம்பு உள்ள எந்தச் சாதனத்திலும் அந்த உடம்பை மண்ணோடு கட்டிவைப்பது. உள்ளே ஃபேஸ் ஒயர் அறுந்து உடம்பில் பட்டால், மின்சாரம் உங்களுக்காகக் காத்திருக்காமல் பச்சை ஒயர் வழியாக ஓடிவிடும். அந்த ஓட்டம் பெரிதாக இருந்தால் ஃபியூஸும் போய்விடும். சாதனம் செத்துப்போகும், நீங்கள் பிழைப்பீர்கள்.

அமெரிக்காவில் எர்த் பின்னோடு கூடிய பிளக்குக்கு 1928-ல் ஃபிலிப் லாப்ரே என்பவர் காப்புரிமை பெற்றார். பிரிட்டனில் 1934-ல் வட்டப் பின் பிளக்குகளுக்கான தரநிலை வந்தது. இன்று நம் வீடுகளில் இருக்கும் வட்ட மூன்று பின் பிளக் அதன் வாரிசுதான். பிரிட்டன் 1947-ல் சதுரப் பின்னுக்கு மாறிவிட்டது. நாம் வட்டத்தோடே இருந்துவிட்டோம்.

உங்கள் வீட்டு பிளக்கை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். எர்த் பின் மற்ற இரண்டையும்விடத் தடிமன், நீளமும் அதிகம். தடிமனாக வைத்தது, அதை வேறு துளையில் தவறிச் செருகக்கூடாது என்பதற்காக. நீளமாக வைத்தது, செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக. பாதுகாப்பு முதலில் வந்து கடைசியில் போகிறது. வங்கியில் பெட்டகம் திறக்கும்போதும் மூடும்போதும் சாவி வைத்திருக்கும் இருவரும் கூடவே இருப்பதைப் போல.

ஆனால் பின் இருந்தால் மட்டும் போதுமா? அறுபதுகளில், எழுபதுகளில் பல வீடுகளில் வெளிச்சத்துக்கு மட்டும் இரண்டு ஒயர் இழுத்திருப்பார்கள். பல்பு ஹோல்டரிலிருந்து இணைப்பு எடுத்து ரேடியோ, இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஓடும். இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல, பிரிட்டனிலும் அதேதான். பழைய வால்வு ரேடியோக்களில் ஒரு வகையில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. அவற்றின் உள் தகடு நேராக மெயின் ஒயர் ஒன்றோடு சேர்ந்திருக்கும். மரப் பெட்டியும், பேக்கலைட் குமிழும், பின்பக்க அட்டையும்தான் நமக்கும் அதற்கும் இடையில் இருந்த வேலி. குமிழ் ஒன்று கழன்று விழுந்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தண்டைத் திருகிய பாட்டனார்கள் எத்தனை பேர்!

அமெரிக்காவில் 1960-கள் வரை செய்யப்பட்ட பல கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களுக்கும் இரண்டு பின் பிளக்தான். முனகலைக் குறைக்க மெயின் ஒயருக்கும் உலோக உடம்புக்கும் நடுவே ஒரு கெபாசிட்டரை வைத்தார்கள். அது நல்லபடியாக இருக்கும் வரை பிரச்சினையில்லை. அது பழுதாகி ஷார்ட் ஆனால் ஆம்ப்ளிஃபையரின் உடம்பு முழுதும் மின்சாரம். ரிப்பேர் செய்பவர்கள் அதற்கு வைத்த பெயர் 'மரணக் கெபாசிட்டர்'. இங்கேயும் சத்தத்தை அடக்க உயிரைப் பணயம் வைத்ததுதான் கதை.

இசைக்காரர்கள் கொடுத்த விலை

மற்ற சாதனங்களை விட்டுவிட்டு இசைச் சாதனத்தைத் தனியாகப் பேச ஒரு காரணம் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டியை நாம் பிளாஸ்டிக் கைப்பிடியில் பிடிக்கிறோம். எலக்ட்ரிக் கிட்டாரை உலோகத் தந்தியிலேயே பிடிக்கிறோம். அந்தத் தந்திகள் ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபையரின் உலோக உடம்போடு வேண்டுமென்றே இணைக்கப்பட்டவை. அப்படி இணைத்தால் வாசிப்பவரின் உடலே ஒரு திரையாகி முனகலைக் குறைக்கும். தந்தியைத் தொட்டதும் முனகல் குறைவதைக் கிட்டார் வாசிக்கும் பிள்ளைகள் கவனித்திருப்பார்கள். அதாவது வாசிப்பவர் எப்போதும் ஆம்ப்ளிஃபையரோடு கட்டப்பட்டிருக்கிறார். இடது கை தந்தியில், வலது கையோ உதடோ மைக்கில். இந்த இரண்டில் ஒன்றில் எர்த் சரியில்லை என்றால் மின்சாரம் போகும் பாதையின் நடுவே இருப்பது அவருடைய மார்பு.

1965 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் சாக்ரமெண்டோ நகர மேடையில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். கிட்டார் மைக் ஸ்டாண்டில் பட்டது. தீப்பொறி பறந்து மயங்கி விழுந்தார். பிழைத்தார். காலில் போட்டிருந்த ரப்பர் அடி ஷூதான் காப்பாற்றியது என்று பிறகு சொன்னார்கள்.

1972 மே 3. வேல்ஸில் ஸ்வான்சீ நகரம். 'ஸ்டோன் த க்ரோஸ்' என்ற ஸ்காட்லாந்துக் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டார். மைக்குக்கு எர்த் இல்லை. மறு கை கிட்டார் தந்தியில். ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்தார். வயது 27.

மேடை என்றால் பெரிய ஒயரிங், அவசரம், வியர்வை, அதனால் நடந்தது, வீட்டில் என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். அடுத்தது வீட்டில் நடந்தது. 'யார்ட்பேர்ட்ஸ்' என்பது அறுபதுகளின் புகழ்பெற்ற குழு. எரிக் கிளாப்டன், ஜெஃப் பெக், ஜிம்மி பேஜ் என்ற மூன்று பெரிய கிட்டார் கலைஞர்களும் அடுத்தடுத்து வாசித்தது அதில்தான். அந்தக் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப். 1976 மே மாதம், லண்டனில் தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து கிட்டார் பழகிக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். காரணம், சரியாக எர்த் செய்யப்படாத சாதனம். வயது 33. மேடை இல்லை, மழை இல்லை, கூட்டம் இல்லை. ஒரு அறை, ஒரு கிட்டார், ஒரு பிளக்.

இந்தக் கதைகளைப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறைக்கும். ரிச்சர்ட்ஸ் பிழைத்தது ரப்பர் ஷூவால் என்றால், நம் வீட்டில் யார் ஷூ போட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள்? நாம் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடுகிற ஜாதி. கீழே மொசைக் அல்லது டைல்ஸ், அதுவும் காலையில் துடைத்த ஈரம். எர்த் என்பது பாதுகாப்பு என்றால், அவர்களைவிட நமக்குத்தான் அது அதிகம் தேவை.

1987, என் வீடு

அப்போது நான் ஒரு சிறிய ஊர்க் கிளையில் வேலை பார்த்தேன். வாடகை வீடு. போனஸ் பணத்தில் ஒரு டேப் டெக்கும், உள்ளூரில் அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபையரும் வாங்கினேன். தகரப் பெட்டி, கறுப்புப் பெயின்ட், முன்னால் நீல விளக்கு. எனக்கு அது பெருமை. ஆனால் போட்டவுடன் 'ஊம்'. பாட்டு நின்றால் முனகல் மட்டும் கேட்கும். விற்ற மெக்கானிக் வந்து பார்த்தார். "எர்த் ஒயரை எடுத்துடுங்க சார், சரியாயிடும்" என்றார். அவர் கையால் செய்யவில்லை. நான்தான் பிளேடால் பச்சை ஒயரை வெட்டினேன். முனகல் நின்றது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன்.

நாலைந்து மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஐப்பசி அடைமழை. ஒருநாள் காலை சுப்ரபாதம் முடிந்து டேப் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா வீட்டைத் துடைத்துவிட்டு ஈரக் காலோடு அதை நிறுத்தப் போனார். 'ஐயோ' என்று கூடச் சொல்லவில்லை. ஒரு சத்தம் மட்டும் கேட்டது. ஓடிப் பார்த்தால் சுவரோரமாக விழுந்து கிடந்தார். விழுந்ததால் கை விடுபட்டது, அதனால் பிழைத்தார். விரல் நுனியில் ஒரு வெள்ளைத் தழும்பு கடைசி வரை இருந்தது.

பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தோம். மெயின் ஒயர் உள்ளே நுழையும் துளைக்கு ரப்பர் வளையம் போடவில்லை. தகர விளிம்பில் உரசி உரசி ஒயரின் மேலுறை கிழிந்து, செம்பு தகரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. பச்சை ஒயர் இருந்திருந்தால் செம்பு தகரத்தில் பட்ட நிமிடமே ஃபியூஸ் போயிருக்கும். ஃபியூஸ் ஏன் போகிறது என்று நான் எரிச்சல்பட்டிருப்பேன். நான் வெட்டியது முனகலை அல்ல என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மில்லி ஆம்பியர் கணக்கு

"எங்கள் வீட்டில் எம்.சி.பி. இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். இங்கே கொஞ்சம் கணக்கு பார்ப்போம், அது எனக்குப் பழக்கம்.

ஒரு ஆம்பியரை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லி ஆம்பியர் ஒரு ரூபாய். உடம்பு மின்சாரத்தை உணரத் தொடங்குவது ஏறக்குறைய ஒரு ரூபாயில். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்ஸியல், 1940-களில் தாமாக முன்வந்தவர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, எந்த அளவு வரை அவர்களால் கையை விடுவிக்க முடிகிறது என்று அளந்தார். சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் தசை இறுகிக் கை ஒட்டிக்கொள்ளும். 'கரண்ட் பிடித்துக்கொண்டது' என்று நாம் சொல்வது இதைத்தான். மார்பு வழியாக 50, 100 மில்லி ஆம்பியர் போனால் இதயம் தாளம் தப்பித் துடிதுடித்து நின்றுவிடலாம்.

உடம்பின் தடை சுமார் 2,000 ஓம் என்றால் 230 வோல்ட்டில் 115 மில்லி ஆம்பியர். ரூபாய் கணக்கில் 115. உங்கள் எம்.சி.பி. 16 ஆம்பியர், அதாவது 16,000 ரூபாய். பதினாறாயிரத்துக்கு மேல் போனால்தான் கேள்வி கேட்பேன் என்கிற காவலாளி, 115 ரூபாய் திருட்டை எப்படிப் பிடிப்பார்? எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்ற வைத்தது, உங்களைக் காப்பாற்ற அல்ல.

எர்த் இருந்தாலுமே ஒரு சிக்கல் உண்டு. கோடையில் காய்ந்துபோன எர்த் குழியின் தடை 10 ஓம் என்று வையுங்கள். 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. 23 ஆம்பியருக்கு உடனே விழாது, பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளலாம். அதுவரை சாதனத்தின் உடம்பில் மின்சாரம் இருக்கும். எனவே பச்சை ஒயருக்கு ஒரு துணை தேவைப்பட்டது.

அந்தத் துணை வந்த இடம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம். 1950-களின் நடுவில் ஹென்றி ரூபின் என்பவர் அங்கே தொழிலாளர்கள் மின்சாரத்தால் இறப்பதைத் தடுக்க ஒரு கருவியைச் செய்தார். அமெரிக்காவில் அதே டால்ஸியல் 1961-ல் தன் கருவியை உருவாக்கினார். இன்று நம் வீட்டு டிஸ்ட்ரிபியூஷன் போர்டில் 'டெஸ்ட்' பொத்தானோடு இருக்கும் ஆர்.சி.சி.பி. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

அதன் தத்துவம் எந்த வங்கி ஊழியருக்கும் புரியும். சாயங்காலம் கேஷ் டேலி பார்ப்பதுதான். ஃபேஸ் ஒயரில் போனது எவ்வளவு, நியூட்ரலில் திரும்பி வந்தது எவ்வளவு. இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி. 5,000 போய் 4,970 வந்தால், 30 ரூபாய் எங்கே? யாரோ ஒருவரின் உடம்பு வழியாக மண்ணுக்குப் போயிருக்கலாம். காரணம் கேட்காமல் கவுண்டரை மூடிவிடும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்கு 0.3 விநாடிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்பது சர்வதேசத் தரநிலை. வித்தியாசம் பெரிதாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பச்சை ஒயர் இருந்தால், பழுது ஏற்பட்ட கணமே மின்சாரம் அதன் வழியாகக் கசிந்து ஆர்.சி.சி.பி. விழும். பச்சை ஒயர் இல்லாவிட்டால், அந்தக் கசிவுக்கு உங்கள் உடம்புதான் முதல் வழி. அப்போதும் அது விழும், ஆனால் நீங்கள் ஷாக் வாங்கிய பிறகு. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் முழுப் பாதுகாப்பு. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் கணக்கு டேலியாகிவிடும், ஆர்.சி.சி.பி. விழாது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் கற்றுக்கொடுத்த முதலுதவி

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன்கள் ஷாக் அடித்து இறப்பதைப் பார்த்த அமெரிக்க மின்சார கம்பெனிகள், அதை ஆராய 1920-களில் பணம் கொடுத்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அந்த வேலையில் இறங்கியவர் வில்லியம் கௌவன்ஹோவன். அவர் டாக்டர் அல்ல, எலக்ட்ரிகல் இன்ஜினீயர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட அந்த ஆராய்ச்சியின் பலன் இரண்டு. தாளம் தப்பித் துடிதுடிக்கும் இதயத்தை மின்சாரத்தாலேயே மீண்டும் தாளத்துக்குக் கொண்டுவரும் கருவி ஒன்று. வெறும் கையால் மார்பை அழுத்தி உயிரைப் பிடித்துவைக்கும் முறை மற்றொன்று. இரண்டாவதை அவரும் ஜூட், நிக்கர்பாக்கர் என்ற இருவரும் 1960-ல் வெளியிட்டார்கள். இன்று சி.பி.ஆர். என்று உலகம் முழுதும் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

ஆகவே யாருக்காவது ஷாக் அடித்தால் முதலில் அவரைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டை அல்லது பிளாஸ்டிக் நாற்காலியால் விலக்குங்கள். மூச்சு இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வேகத்தில், ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். உதவி வரும் வரை நிறுத்தாதீர்கள்.

நம் வீட்டில் செய்ய வேண்டியது

முனகலுக்கு வருவோம். அது ஏன் வருகிறது? கம்ப்யூட்டரும் ஆம்ப்ளிஃபையரும் வேறு வேறு பிளக்குகள் வழியாக எர்த்துக்குப் போகின்றன. ஆடியோ ஒயர் இரண்டையும் இணைக்கும்போது அது ஒரு வளையமாகிவிடுகிறது. இரண்டு எர்த்துக்கும் உள்ள மிகச் சிறிய வித்தியாசம் அந்த வளையத்தில் ஓடி முனகலாகக் கேட்கிறது. எர்த்தை வெட்டினால் வளையம் உடையும், கூடவே பாதுகாப்பும் போகும். வளையத்தை வேறு இடத்தில் உடைக்கலாம், அல்லது சுருக்கலாம்.

1. ஆம்ப்ளிஃபையர், கீபோர்டு, கம்ப்யூட்டர், மிக்ஸர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். அந்த பாக்ஸ் மூன்று பின் உள்ளதாக இருக்கட்டும். பாதி முனகல் இதிலேயே போய்விடும்.

2. லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் பழி சார்ஜர் மேல்.

3. அப்படியும் நிற்காவிட்டால் ஆடியோ ஒயரின் நடுவே வைக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் கடையில் கிடைக்கும். அது பாட்டை விடும், வளையத்தை உடைக்கும். பிளக்கைத் தொடாது.

4. மூன்று பின்னை இரண்டு துளையில் செருகும் அடாப்டரை இசைச் சாதனத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். சில பழைய இணைப்புகளில் எர்த் இல்லாத சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாக முறுக்கிவிட்டிருப்பார்கள். நியூட்ரல் அறுந்தால் சாதனத்தின் உடம்பு முழுதும் ஃபேஸ் வந்துவிடும். எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒவ்வொரு சாக்கெட்டையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

5. இரண்டு பின் அடாப்டரில் ஓடும் கீபோர்டிலோ லேப்டாப்பிலோ உலோகத்தைத் தொட்டால் லேசாகக் கூசும். நல்ல அடாப்டரில் அது ஒரு மில்லி ஆம்பியரில் சிறு பங்குதான். ஆனால் 'சுரீர்' என்று இழுத்தால் அது கூச்சம் அல்ல, எச்சரிக்கை. உடனே பிடுங்கிவிடுங்கள்.

6. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். பராமரிப்புக் கட்டணம் கட்டும் நாளன்று அழுத்தினால் மறக்காது. விழவில்லை என்றால் அது பழுது, மாற்றியாக வேண்டும்.

கடைசியாகச் சொன்னதில் ஒரு வருத்தமான விஷயம் இருக்கிறது. மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது என்று நம் வளாகத்திலேயே சில வீடுகளில் ஆர்.சி.சி.பி.யை 'டைரக்ட்' செய்துவைத்திருக்கிறார்கள். அது விழுவது அதன் குறை அல்ல. எங்கேயோ கணக்கு இடிக்கிறது என்று சொல்கிறது. கேஷ் டேலியாகவில்லை என்றால் கேஷியரை வேலையை விட்டு அனுப்புவோமா? எங்கே இடிக்கிறது என்றுதானே தேடுவோம். பெரும்பாலும் ஒரு கீசரோ, பால்கனி சாக்கெட்டோதான் காரணமாக இருக்கும். சாதனங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் பல சமயம் ஒரே மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். தயவுசெய்து இந்த மாதமே சரிசெய்துவிடுங்கள். வளாகத்தின் எர்த் குழிகளின் தடையைக் கோடைக்கு முன்பும் மழைக்குப் பின்பும் அளந்து நோட்டீஸ் போர்டில் போட வேண்டும் என்று செயற்குழுவுக்கும் கடிதம் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் நீங்களும் கேளுங்கள்.

வாட்ஸப்பில் அந்தக் கேள்வி வந்த இரவே நான் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். பின் ஏற்கெனவே கழற்றப்பட்டு மேசை மேல் கிடந்தது. பையன் வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தான். "இப்போ சத்தமே இல்லை தாத்தா" என்று சந்தோஷமாகச் சொன்னான். முதலில் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். பிறகு உட்கார்ந்து அம்மாவின் கதையைச் சொன்னேன். மறுநாள் எலக்ட்ரீஷியன் புது பிளக் போட்டார். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மாற்றினோம். முனகல் வெகுவாகக் குறைந்தது. முழுதும் போகவில்லை, காதைக் கூர்ந்தால் இன்னும் கொஞ்சம் கேட்கிறது. அதோடு வாசிக்கப் பழகிக்கொண்டான்.

என் அம்மா அதன் பிறகு இருபத்திரண்டு வருடம் இருந்தார். அந்த ஆம்ப்ளிஃபையரை மறுவாரமே தூக்கிப்போட்டுவிட்டேன். பிறகு வாங்கியவை எல்லாம் நல்ல எர்த்தோடு கூடியவைதான். ஆனாலும் எந்த டேப்பையும், எந்த டி.வி.யையும் அவர் கையால் தொட்டதில்லை. "நீயே போடுடா" என்பார், சற்றுத் தள்ளி நின்றுகொண்டு. அவர் அப்படித் தள்ளி நின்ற ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தப் பிளேடு ஞாபகம் வரும்.

உங்கள் வீட்டுப் பச்சை ஒயர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

— சி பிளாக் குடியிருப்பாளர், ஓய்வுபெற்ற வங்கி கிளார்க்